பேட் கசிகிறது, உறுத்துகிறது, அரிக்கிறது: ஆபரேஷனுக்குப் பிறகு எங்கே பார்ப்பது, எப்போது டாக்டரிடம் போவது

மருந்துக் கடை கவுண்டரில் 14 வருடமாக நிற்கிறேன். எதிரே இரண்டு நர்சிங் ஹோம், தெருமுனையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பாதி தீர்ந்த பேட் பாக்கெட்டைக் கறுப்புக் கவரில் சுற்றி எடுத்து வந்து, குரலைத் தாழ்த்தி, "இது சரியில்லக்கா, வேற கம்பெனி குடுங்க" என்று கேட்பவர்கள் வராத வாரம் கிடையாது. முதல் இரண்டு வருடம் நானும் வேறு கம்பெனி எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே ஆள் அதே குறையோடு திரும்பி வருவார். அப்புறம்தான் கேள்வி கேட்கப் பழகினேன். என்ன ஆபரேஷன், இன்று எத்தனையாவது நாள், எந்தப் பக்கம் நனைகிறது, உள்ளே என்ன ஜட்டி?

பெரும்பாலும் குறை கம்பெனியில் இருக்காது. பேட் வகை மாறியிருக்கும், இல்லையென்றால் ஜட்டி பொருந்தியிருக்காது. சில சமயம் இரண்டுமே சரியாக இருந்து, உடம்புதான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சிலரை நான் கடையில் நிறுத்தி வைப்பதில்லை, நேராக டாக்டரிடம் அனுப்பிவிடுவேன்.

உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

## எதற்கும் முன்னால்: என்ன வடிகிறது?

ரத்தம் என்றால் மாதவிடாய் பேட் அல்லது பிரசவத்துக்குப் பிறகு போடும் மெட்டர்னிட்டி பேட். சிறுநீர் என்றால் அதற்கென்றே செய்த யூரின் பேட் அல்லது டயப்பர். வயிற்றுத் தையலிலிருந்து ஊறுகிறது என்றால் இரண்டுமே கூடாது. ஒட்டுப் பேட்டை வெட்டித் தையல்மேல் ஒட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட் சுத்தமானதுதான், ஆனால் கிருமி நீக்கி மூடியது கிடையாது. திறந்த புண்ணுக்கு உறையில் அடைத்த, கிருமி நீக்கிய காஸ் துணிதான். அதை வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்த இடத்துக்கு போன் பண்ணுங்கள்.

கர்ப்பப்பை எடுத்தவர்களும் சிசேரியன் ஆனவர்களும் டாம்பன், கப் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. 6 வாரம் கழித்து டாக்டர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அந்த யோசனையே.

## குறை 1: பேட் பாதிகூட நிரம்பவில்லை, ஆனால் பக்கவாட்டில் கசிகிறது

கழற்றிய பேட்டை உடனே சுருட்டிவிடாமல் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். கறை எங்கே இருக்கிறது?

கறை முன்னாலோ பின்னாலோ மட்டும் இருந்தால் பேட்டை வைத்த இடம் தவறு. அடுத்த தடவை கறை பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டுங்கள். செலவு இல்லை.

கறை நடுவில்தான், ஆனால் பேட் மடிந்து கயிறு மாதிரி திரண்டிருந்தால் ஜட்டி தொளதொளவென்று இருக்கிறது. ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பெரிய சைஸ் வாங்கச் சொல்வது வயிற்றுக்காக. கவட்டைப் பக்கம் துணி உடம்போடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். இடுப்பு உயரமான, தொப்புளுக்கு மேல் ஏறும் பருத்தி ஜட்டி ஒரு சைஸ் மட்டும் பெரிதாக எடுங்கள்.

விங்ஸ் பிரிந்து வந்திருந்தால் துணியில் எண்ணெயோ பவுடரோ இருக்கிறது. பேட் ஒட்டும் இடத்தைச் சுத்தமான, காய்ந்த துணியாக வைத்துக்கொண்டாலே நிற்கும்.

ஜட்டியே போடுவதில்லை என்றால்? இது சிரிக்கிற விஷயம் இல்லை. எங்கள் அம்மாவுக்கு 56 வயதில் கர்ப்பப்பை எடுத்தார்கள். உள்பாவாடையும் புடவையுமாகவே இருந்து பழகியவர். வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் கொடுத்த ஒட்டுப் பேட்டை உள்பாவாடையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எதுல ஒட்டுறதுன்னு நீ சொல்லலையே" என்றார். 14 வருடம் கவுண்டரில் நின்றவள் சொந்த அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுப்பது இரண்டு முனையிலும் வளையம் வைத்த லூப் பேட். இடுப்பு நாடாவில் கோத்துக் கட்டுவது. ஜட்டி பழக்கம் இல்லாதவர்களுக்கு வீட்டிலும் அதுவே நல்லது. நாடா தையல்மேல் ஏறக் கூடாது. சின்ன ஓட்டை வழியாகச் செய்யும் லாப்ராஸ்கோப்பி என்றால் தொப்புளிலும் ஓட்டை போட்டிருப்பார்கள், அதையும் விட்டுக் கட்டுங்கள். நாடாவே தொந்தரவு என்றால் பேண்ட் மாடல் டயப்பர் இருக்கிறது. விலை கூடுதல், முதல் வாரத்துக்கு மட்டும் வாங்கினால் போதும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கசிந்தால் அகலமான மெட்டர்னிட்டி பேட்டுக்கு மாறுங்கள். வெறும் பக்கக் கசிவுக்கு டாக்டர் தேவையில்லை.

## குறை 2: பகலில் சரி, படுத்தால் பின்பக்கம் நனைகிறது

மல்லாந்து படுக்கும்போது முதுகுப் பக்கம்தான் வடியும். பேட்டைப் பின்னால் தள்ளி ஒட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும். அடுத்து நீளம். சாதாரண பேட் 23, 24 சென்டிமீட்டர். ராத்திரிக்கு 32 சென்டிமீட்டர் வேண்டும். பாக்கெட்டில் அடித்திருக்கும் எக்ஸ்எல், எக்ஸ்எக்ஸ்எல் எழுத்துகளை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள்.

இனி எல்லோரும் செய்யும் தப்பு. இரண்டு பேட்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார்கள். மேல் பேட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. கீழ் பேட்டுக்கு ஒரு சொட்டும் போகாது, கனமும் உறுத்தலும்தான் மிச்சம். இரண்டாவது வேண்டுமென்றால் பின்னால் நீட்டி, மூன்று விரற்கடை மட்டும் மேலேறும்படி ஒட்டுங்கள். பேட்மேல் பஞ்சு வைத்துக்கொள்வது அதைவிட மோசம். கீழே தையல் போட்டவர்களுக்குப் பஞ்சு இழை தையலில் ஒட்டிக்கொண்டு, பிய்க்கும்போது உயிர் போகும். பேட்டுக்குள்ளும் பஞ்சுதானே இருக்கிறது என்பார்கள். பெரும்பாலான கடைப் பேட்டுகளுக்குள் இருப்பது மரக்கூழ். கோயம்புத்தூர் முருகானந்தம் மலிவான நாப்கின் மெஷின் செய்யக் கிளம்பியபோது, பஞ்சை வைத்து வைத்துத் தோற்று, கடைசியில் கண்டுபிடித்ததும் இதைத்தான்.

படுக்கைக்கு 60க்கு 90 சென்டிமீட்டர் அண்டர்பேட் விரியுங்கள். காசு இல்லையென்றால் ரப்பர் ஷீட், அதன்மேல் நாலாக மடித்த பழைய பருத்திப் புடவை. ஷீட்டை நேரடியாகத் தோலில் படவிடாதீர்கள், வேர்த்துப் புண்ணாகும்.

சிசேரியன் ஆனவர்கள் காலையில் எழுந்து நின்றதும் குபுக்கென்று வரும். படுத்திருந்தபோது தேங்கியது அது. பால் கொடுக்கும்போதும் கொஞ்சம் கூடும். ஒரு தடவை வந்து அடங்கினால் பயமில்லை. அடங்காவிட்டால் குறை 3.

## குறை 3: பேட் சீக்கிரம் நிரம்புகிறது

இந்தத் தலைப்பில் வேறு பேட் தேடி நேரம் போக்காதீர்கள்.

மணிக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து, அடுத்த மணியும் அப்படியே என்றால் 108. கோழி முட்டை அளவுக்கோ அதற்கு மேலோ ரத்தக் கட்டி வந்தாலும், தலை சுற்றி, நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டினாலும் அதேதான். அப்போது மணிக்கணக்குப் பார்க்க வேண்டாம். மெடிக்கல் ஷாப்புக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு ராத்திரி ஒருவர் மூன்றாம் தடவையாகப் பெரிய பேட் கேட்டு வந்தார். மனைவிக்குச் சிசேரியன் ஆகி 9 நாள். பேட் கொடுக்கவில்லை, ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

அவ்வளவு இல்லை, ஆனால் நேற்றைவிட அதிகம் என்றால் நேற்று என்ன வேலை செய்தீர்கள்? தண்ணீர்க் குடம் தூக்கியது, மாவாட்டியது, மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கியது, இவற்றில் ஒன்றாவது இருக்கும். ஒரு நாள் முழுக்கப் படுத்துப் பாருங்கள். குறைய வேண்டும். கர்ப்பப்பை எடுத்த சிலருக்கு 10லிருந்து 14 நாளுக்குள், உள் தையல் கரையும்போது, கொஞ்சம் சிவப்பு தெரியும். அது தீற்றல் அளவில்தான் இருக்க வேண்டும். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் மறுநாள் டாக்டரைப் பாருங்கள்.

எவ்வளவு என்றே சொல்லத் தெரியவில்லை என்றால் சமையல் தராசு இருக்கிறதா? புதுப் பேட்டை நிறுத்துக் குறித்துவையுங்கள். நனைந்ததைக் கவரில் போட்டு நிறுத்துக் கழியுங்கள். 1 கிராம் கூடினால் ஏறக்குறைய 1 மில்லி. "ரொம்பப் போகுது டாக்டர்" என்பதைவிட "காலையிலிருந்து 6 பேட், ஒவ்வொன்றும் 30 கிராம்" என்று சொன்னால் எந்த டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார்.

சாதாரணமாக எவ்வளவு நாள் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிசேரியனுக்குப் பிறகு முதல் மூன்று நாலு நாள் நல்ல சிவப்பு, அப்புறம் பழுப்பு, அப்புறம் மஞ்சள் வெள்ளை, மொத்தம் 4லிருந்து 6 வாரம். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு லேசான பழுப்புக் கசிவு 6 வாரம் வரை இருக்கலாம். வெளிறிக்கொண்டே வந்தது திரும்பவும் சிவப்பாகி நிறைய வந்தால் போன் பண்ணுங்கள்.

## குறை 4: அரிப்பு, எரிச்சல், தோல் சிவந்துவிட்டது

கவுண்டரில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். கண்ணாடியிலோ, வீட்டில் உள்ள பெண்கள் உதவியுடனோ சிவப்பு எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். பார்க்காமல் வாங்கும் கிரீம் பாதி நேரம் தவறான கிரீமாக இருக்கும்.

சிவப்பு தொடை இடுக்கில் கோடு போட்ட மாதிரி இருந்தால் உரசல். பேட் விளிம்போ, விங்ஸோ, எலாஸ்டிக்கோ அறுக்கிறது. ராத்திரி மட்டுமாவது விங்ஸ் இல்லாத பேட்டுக்கு மாறுங்கள். இடுக்கில் பெட்ரோலியம் ஜெல்லி மெலிதாகத் தடவுங்கள். பேட் படும் இடமெல்லாம் அப்பிவிட்டால் அது பேட்டின் ஓட்டைகளை அடைத்துவிடும், உறிஞ்சாது. அப்புறம் கசிகிறது என்று குறை 1க்கு வந்து நிற்பீர்கள்.

பேட் அளவுக்கே அச்சுப் பதித்த மாதிரி சிவந்திருந்தால் ஈரமும் சூடும், அல்லது மேல் தாள் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் நேரம் பாருங்கள். நிரம்பாவிட்டாலும் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். "பாதிதானே நனஞ்சிருக்கு, இன்னும் தாங்கும்" என்று இழுப்பவர்கள்தான் அதிகம். அடுத்தது வாசனை. வாசனை போட்ட பேட்டை நிறுத்துங்கள். மூன்றாவது மேல் தாள். விரலால் தடவினால் வழுவழு என்று சின்ன ஓட்டைகளோடு இருப்பது பிளாஸ்டிக் வலை. துணி மாதிரி மெத்தென்று இருப்பது இன்னொரு வகை. வலை மேலே காய்ந்தாற்போல் இருக்கும், ஆனால் ஆபரேஷன் ஆன தோலில் பலருக்கு உறுத்தும். படுத்தே இருப்பவர்களுக்கு நான் மெத்தென்ற வகையைத்தான் எடுத்துக் கொடுப்பேன். மூன்று நாள் போதும், வித்தியாசம் தெரியும்.

பகலில் இரண்டு தடவை, அரை மணி நேரம், பேட்டே இல்லாமல் அண்டர்பேட் மேல் ஒருக்களித்துப் படுங்கள். மாத்திரையும் இல்லாமல் கிரீமும் இல்லாமல் ஆறும் வைத்தியம் இது ஒன்றுதான்.

மடிப்புக்குள் அடர்ந்த சிவப்பு, ஓரத்தில் சின்னச் சின்னப் பொரிகள், தாங்க முடியாத அரிப்பு என்றால் பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களுக்கும் இது சீக்கிரம் வரும். பேட்டை எத்தனை மாற்றினாலும் போகாது. சர்க்கரை பார்த்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் "அரிப்புக்கு ஒரு கிரீம்" என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த கிரீமை நீட்டுகிற கடைகளும் இருக்கின்றன. முதலில் அடங்கினாற்போல் இருக்கும், அப்புறம் பரவும். என் தொழில்காரர்களைப் பற்றி நானே சொல்கிறேன், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

கொப்புளம், சீழ், தோல் உரிதல் இருந்தால் அன்றே டாக்டர்.

இந்தக் குறைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள். டெட்டால் ஊற்றிய தண்ணீர், டால்கம் பவுடர், மஞ்சள் பொடி எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

## குறை 5: வாடை

ரத்தத்துக்கு இரும்பு வாடை உண்டு, பேட் நேரமானால் கூடும். நேரத்துக்கு மாற்றியதும் குறைந்தால் சரி. புதுப் பேட் வைத்த ஒரு மணி நேரத்திலேயே அழுகிய மாதிரி வாடை, மஞ்சள் பச்சையாகக் கசிவு, அடிவயிற்று வலி, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டர். நாத்தம் தெரியாமலிருக்க வாசனைப் பேட் வாங்கிய ஒரு அம்மாவுக்குத் தொற்று இருந்தது தெரியவே நாலு நாள் கூடுதலாக ஆனது.

## குறை 6: ரத்தம் இல்லை, தண்ணீராக நனைந்துகொண்டே இருக்கிறது

கர்ப்பப்பை எடுத்தவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நன்றாகச் சிறுநீர் கழித்துவிட்டு, புதுப் பேட் வைத்து அரை மணி நேரம் படுங்கள். அப்புறம் எழுந்து நின்று லேசாக இருமுங்கள். வயிற்றுத் தையலைத் தலையணையால் அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

இருமும்போது மட்டும் நனைந்தால் சிறுநீர்ப் பையின் பிடி தளர்ந்திருக்கிறது. யூரின் பேட் போடுங்கள், அடுத்த செக்கப்பில் சொல்லுங்கள்.

எரிச்சலோடு, அடிக்கடி முட்டிக்கொண்டு, டாய்லெட் போவதற்குள் நனைந்தால் சிறுநீருக்கு டியூப் போட்டதால் வந்த சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். யூரின் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

படுத்திருக்கும்போதே, இருமாமலே, சொட்டுச் சொட்டாக நனைந்தால் சிறுநீர்ப் பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே சின்ன ஓட்டை விழுந்திருக்கலாம். ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் இது தெரியவரும். பெரிய டயப்பர் போட்டுச் சமாளிக்காதீர்கள். உடனே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். திடீரென்று குபீரென நீர் கொட்டி, கீழே ஏதோ இறங்கியது போலிருந்தால் அசையாமல் படுத்து 108 கூப்பிடுங்கள். எதையும் உள்ளே தள்ளாதீர்கள்.

## குறை 7: ஆண்களுக்கு, ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு பேட் நிற்கவே இல்லை

மனைவியோ மருமகளோ மாதவிடாய் பேட் வாங்கிப் போவார்கள். அவர் பாவம், எப்படி வைப்பதென்று யாரைக் கேட்பார்? அந்தப் பேட் மெதுவாகக் கசியும் ரத்தத்துக்குச் செய்தது. சிறுநீர் ஒரே நொடியில் கொட்டும். பேட் வாங்கிக்கொள்வதற்குள் வழிந்துவிடும். யூரின் பேட்டில் ஜெல் பொடி அதிகம், இழுத்துக்கொள்ளும்.

சந்தேகமிருந்தால் மருந்து அளக்கும் மூடியால் 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு பேட்டிலும் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து டிஷ்யூ தாளை வைத்து அழுத்துங்கள். எதில் தாள் நனைகிறதோ அது வேண்டாம்.

பேட் முன்பக்கம்தான் இருக்க வேண்டும். முன்னால் கிண்ணம் மாதிரி அகன்ற ஆண்கள் பேட் எல்லாக் கடையிலும் இருக்காது. சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். அடுத்து ஜட்டி. பட்டாப்பட்டிக்குள் எந்த பேட்டும் நிற்காது, இறுக்கமான வி வடிவ ஜட்டி வேண்டும். ஒரு பெரியவர் கோவணத்துக்குள் பேட்டை வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு சொட்டும் கசியவில்லை என்றார். யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான பிடிமானம் இல்லை.

நனைகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியானால் எரிச்சலும் வாடையும்தான் கூடும். புற்றுக்காக ப்ராஸ்டேட் சுரப்பியையே எடுத்தவர்களுக்குக் கசிவு குறைய மாதக்கணக்கில் ஆகும். ஒரு நாளைக்கு எத்தனை பேட் என்று காலண்டரில் எழுதிவந்தால் குறைவது கண்ணுக்குத் தெரியும். சுரப்பியின் உள்பகுதியை மட்டும் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் என்றால் இரண்டாவது வாரத்தில் மறுபடி லேசாக ரத்தம் தெரியலாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். கட்டி கட்டியாக வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டால் அது அவசரம், உடனே ஆஸ்பத்திரி.

## குறை 8: மூல ஆபரேஷன், பேட் வைத்தும் துணி நனைகிறது

பேட் அந்த இடத்துக்கு எட்டாது. நாலங்குலக் காஸை மடித்துப் பிளவில் செருகி, வெளியே லேசான பேட். ஒவ்வொரு தடவை டாய்லெட் போய்வந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் 10, 15 நிமிடம் உட்கார்ந்து எழுந்ததும் மாற்றுங்கள். மலத்தோடு சில சொட்டு ரத்தம் கொஞ்ச நாள் வரும். சொட்டுவது நின்று ஓட ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி.

## குறை 9: டாய்லெட் அடைத்துக்கொண்டது

பேட்டை உள்ளே போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஜெல் ஊதி, குழாயை அடைத்துவிட்டது. பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். இனி பேப்பரில் சுற்றித் தனியாகப் போடுங்கள்.

## குறை 10: இப்போது எதுவும் படுவதில்லை, ஆனால் விட்டுவிடப் பயம்

வெள்ளைத் துணியில் இரண்டு நாள் எதுவும் படவில்லையென்றால் மெலிதான லைனருக்கு இறங்குங்கள். அப்புறம் வீட்டில் இருக்கும் நேரம் வெறும் பருத்தி ஜட்டி. வெளியே போகும்போது பையில் ஒன்று இருக்கட்டும். அம்மா இரண்டு மாதம் வரை விடவில்லை, நான் கடையிலிருந்து கொண்டுபோவதை நிறுத்தியதும் விட்டார்.

ஆரம்பத்திலேயே பத்துப் பாக்கெட் வாங்கி அடுக்காதீர்கள். ஒன்று வாங்கி, ஒத்துக்கொண்டால் அடுத்தது. வீட்டில் பிரிக்காத பாக்கெட் மிஞ்சியிருந்தால் பில்லோடு கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன். பிரித்ததை எந்தக் கடையிலும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.